லெடன்ஹாலிலிருந்து டாபர்டு தெருவுக்கு: லண்டனில் ஒரு பிற்பகல் நடையும் ஒரு பைண்ட் ஏலும்

கேள்வி இதுதான்: வேலை நிமித்தம் லண்டன் வருகிறீர்கள், ஒரே ஒரு பிற்பகல்தான் சும்மா கிடைக்கிறது, அருங்காட்சியக வரிசையில் நிற்க மனமில்லை, அவசரமில்லாமல் ஊருக்குள் நடந்து, நல்ல பியர் கிடைக்கிற ஒரு பப்பில் போய் உட்கார வேண்டும். எந்த வழியாக நடப்பது, எந்தப் பப்புக்குப் போவது, அங்கே என்ன கேட்டு வாங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே, ஆங்கிலேயரின் பியர் வெதுவெதுப்பாகவும் சப்பென்றும் இருக்கும் என்கிறார்களே, அது உண்மைதானா என்றும் கேட்டிருக்கிறீர்கள். இந்த ஊரில் பல ஆண்டுகளாக நடந்தும் குடித்தும் பழகியவன் என்ற முறையில் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

வழியை முதலில் சொல்லிவிடுகிறேன். லெடன்ஹால் சந்தையில் தொடங்கி, சந்துகள் வழியாக 1666 தீவிபத்தின் நினைவுத்தூணை அடைந்து, லண்டன் பாலத்தைக் கடந்து, தென்கரையில் பரோ சந்தையையும் பார்க் தெருவையும் சுற்றிவிட்டு, பரோ பெருந்தெரு வழியாக டாபர்டு தெருவில் இருக்கும் ராயல் ஓக் என்ற பப்பில் முடியுங்கள். ஏறக்குறைய மூன்று கிலோமீட்டர்தான். ஆனால் இரண்டரை மணி நேரம் ஒதுக்குங்கள். தேம்ஸ் கரையோரம் இதைவிட அழகான நடைகள் உண்டு. இருந்தும் இதைச் சொல்வதற்குக் காரணம், இது லண்டன் பியர் வந்த வழி என்பதுதான். பியருக்குக் கசப்பு தரும் ஹாப்ஸ் மூட்டைகள் வந்து இறங்கிய சாலை, போர்ட்டர் என்ற கறுத்த பியரைக் காய்ச்சிய ஆலை இருந்த தெரு, வண்டிக்காரர்கள் இரவு தங்கிய விடுதி, இந்தியாவுக்குப் பியர் சுமந்த கப்பல்களை ஏவிய அலுவலகம் என எல்லாமே இந்த மூன்று கிலோமீட்டருக்குள் அடங்கிவிடுகின்றன. கடைசியில் கையில் வரும் கண்ணாடிக் குவளைக்கு அதுவரை நடந்த தெருக்களோடு தொடர்பிருந்தால் அதன் சுவையே வேறு.

எந்தக் கிழமை போகிறீர்கள் என்பது முக்கியம். சனி, ஞாயிறுகளில் லெடன்ஹால் சுற்றுவட்டாரம் வெறிச்சோடிக் கிடக்கும். அலுவலகக் கூட்டத்தை நம்பியிருக்கும் பல பப்புகள் அந்த இரு நாட்களும் திறப்பதேயில்லை. திங்களன்று பரோ சந்தைக்கு விடுமுறை. வியாழன், வெள்ளி மாலைகளில் அலுவலகம் விட்டுவரும் கூட்டம் பப் வாசலைத் தாண்டி நடைபாதைவரை நிற்கும். ஆகவே செவ்வாய் அல்லது புதன் பிற்பகல் இரண்டு மணிக்குப் புறப்பட்டால், ஐந்து மணிக்கு முன்பே நாற்காலி பிடித்துவிடலாம். மதிய உணவை அரை வயிற்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள்; வழியில் சந்தை இருக்கிறது.

லெடன்ஹால் சந்தையின் இப்போதைய கட்டடத்தை 1881-இல் கட்டியவர் ஹொரேஸ் ஜோன்ஸ். பின்னாளில் டவர் பாலத்தை வடிவமைத்தவரும் அவரே. சிவப்பும் வெளிர்மஞ்சளும் பூசிய இரும்புத் தூண்கள், கண்ணாடிக் கூரை, கீழே கருங்கல் பாவிய தரை என்று பார்க்க நன்றாகவே இருக்கும். ஆனால் பத்து நிமிடத்துக்குமேல் அங்கே வேலையில்லை. சந்தையின் பக்கத்திலேயே குழாய்களையும் மின்தூக்கிகளையும் வெளிப்பக்கம் மாட்டிக்கொண்டு நிற்கும் லாய்ட்ஸ் கட்டடத்தின் முன் கொஞ்சம் நில்லுங்கள். 1986-இல் திறக்கப்பட்ட இந்தக் கட்டடம் நிற்கிற இடத்தில்தான் கிழக்கிந்தியக் கம்பெனியின் தலைமையகம் இருந்தது. புனித ஜார்ஜ் கோட்டையிலிருந்து புறப்பட்ட கணக்குகளும் கடிதங்களும் மாதக்கணக்கில் கடலில் மிதந்து இங்கேதான் வந்து சேர்ந்தன. சென்னைக்கு என்ன செய்ய வேண்டும் என்ற உத்தரவு இங்கிருந்துதான் கிளம்பியது. 1858-இல் ஆட்சி கம்பெனியின் கையைவிட்டுப் போனது. சில ஆண்டுகளில் கட்டடத்தையும் இடித்துவிட்டார்கள். நம் ஊர் வரலாற்றின் பாதியை நடத்திய முகவரியில் இன்று காப்பீட்டுக்காரர்கள் நுழைவதும் வெளியேறுவதுமாக இருக்கிறார்கள்.

பியர்க் கதையின் ஒரு கண்ணியும் இங்கே இருக்கிறது. கம்பெனிக் கப்பல்களின் தலைவர்கள் தங்கள் சொந்த வியாபாரத்துக்காகவும் சரக்கு ஏற்றிக்கொள்ளலாம் என்ற சலுகை இருந்தது. கப்பல்கள் நங்கூரமிட்ட பிளாக்வாலுக்குப் பக்கத்தில், போ என்ற பகுதியில், ஹாட்ஜ்சன் குடும்பத்தின் பியர் ஆலை இருந்தது. பக்கத்தில் இருந்ததாலும் நீண்ட கடன் தவணை கொடுத்ததாலும் கப்பல் தலைவர்கள் அங்கேயே பியர் வாங்கினார்கள். நன்னம்பிக்கை முனையைச் சுற்றிக்கொண்டு, வெப்பக் கடல்களில் மாதக்கணக்கில் குலுங்கிக்கொண்டு போன அந்தப் பீப்பாய்கள், கல்கத்தாவிலும் சென்னையிலும் திறக்கப்பட்டபோது எதிர்பாராத பக்குவத்தோடு இருந்தன. ஹாப்ஸ் அதிகம் போட்ட பியர் கெடாமல் தாங்கும் என்பது அதற்கு முன்பே தெரிந்த செய்திதான். இந்தியாவுக்கென்றே ஒருவர் உட்கார்ந்து புதிதாகக் கண்டுபிடித்த பியர் என்று ஐபிஏ (இந்தியா பேல் ஏல்; ஏல் என்பது ஆங்கிலேயரின் மரபான பியர் வகை) பற்றிச் சொல்லப்படும் கதையை அப்படியே நம்ப வேண்டாம். ஏற்கெனவே இருந்த ஒரு வகையைக் கடல் பயணம் பக்குவப்படுத்தியது என்பதே பொருத்தம். 1820களில் பர்ட்டன் நகரத்து ஆலைகள் இந்தச் சந்தையில் இறங்கிய பிறகு ஹாட்ஜ்சனின் ஆதிக்கம் சரிந்தது. 'இந்தியா' என்ற சொல் மட்டும் பியர்ப் பெயரில் இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

அங்கிருந்து கிரேஸ்சர்ச் தெருவைக் கடந்து செயின்ட் மைக்கேல்ஸ் சந்துக்குள் நுழையுங்கள். இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் தோளை ஒதுக்க வேண்டிய அகலம்தான். அங்கே ஜமைக்கா வைன் ஹவுஸ் என்ற பப் இருக்கிறது. 1652-இல் பாஸ்குவா ரோசே என்பவர் லண்டனின் முதல் காபிக் கடையைத் திறந்தது இந்த இடத்தில்தான் என்று சுவரில் பதித்த பலகை சொல்கிறது. கும்பகோணத்துக்காரர்கள் ஒரு நிமிடம் நின்று கும்பிட்டுவிட்டுப் போகலாம். உள்ளே நுழைந்து குடிக்கத் தொடங்கிவிடாதீர்கள். முதல் கிலோமீட்டரிலேயே உட்கார்ந்தவர்கள் பாலத்தைக் கடந்ததாக வரலாறு இல்லை.

நினைவுத்தூணை அண்ணாந்து பார்த்தாலே போதும். முழங்காலில் நம்பிக்கை இருந்தால் 311 படி ஏறலாம். இதன் உயரம் 202 அடி. புடிங் சந்தில் தாமஸ் ஃபேரினர் என்ற ரொட்டிக்காரரின் அடுப்பில் தீ தொடங்கிய இடத்துக்கும் தூணுக்கும் இடையிலுள்ள தூரமும் அதே 202 அடி. 1666 செப்டம்பர் 2, ஞாயிறு அதிகாலை பற்றிய அந்தத் தீ ஏறக்குறைய 13,200 வீடுகளையும் 87 தேவாலயங்களையும் கொண்டுபோனது. தூணின் கல்வெட்டில் கத்தோலிக்கர்களே காரணம் என்று 1681-இல் ஒரு வரியைச் சேர்த்து, 1830-இல் அதைச் செதுக்கி அகற்றினார்கள். ரொட்டி அடுப்பு செய்ததற்குக் கத்தோலிக்கர்மேல் விழுந்த பழி தீர ஒன்றரை நூற்றாண்டு ஆகியிருக்கிறது.

தூணிலிருந்து சரிவில் இறங்கினால் செயின்ட் மேக்னஸ் தேவாலயம். பெரும்பாலான பயணிகள் தவறவிடுகிற இடம் இது. இதன் கோபுரத்தின் அடியில் வளைவான ஒரு வழி இருக்கிறது. இன்று அது எங்கும் போவதில்லை. முற்றத்தில் நாலைந்து பேர் மதிய ரொட்டியைப் பிரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். ஆனால் 1760களிலிருந்து பழைய லண்டன் பாலம் இருந்தவரை, பாலத்தின் நடைபாதை இந்த வளைவுக்குள்தான் நுழைந்து போனது. 1209-இல் முடிந்து, 1831 வரை நின்ற பாலம் அது. அதன் கற்களில் சில அந்த முற்றத்திலேயே கேட்பாரற்றுக் கிடக்கின்றன, உட்கார்ந்துகூடக் கொள்ளலாம். தேவாலயத்துக்குள் பாலத்தின் நீளமான மாதிரி ஒன்று வைத்திருக்கிறார்கள். பாலத்தின் இருபுறமும் வீடும் கடையுமாக நெருக்கியடித்து நின்றதை அதில் பார்த்துவிட்டு வெளியே வந்தால், அடுத்து நான் சொல்லப்போவது எளிதாக விளங்கும்.

1750-இல் வெஸ்ட்மின்ஸ்டர் பாலம் திறக்கும்வரை, லண்டன் நகரத்தருகே தேம்ஸைக் கடக்க இந்த ஒரு பாலம்தான். அதுவும் குறுகலானது; இரவில் வாயிற்கதவைச் சாத்திவிடுவார்கள். கென்ட் பகுதியிலிருந்தும் தென்கடற்கரையிலிருந்தும் வந்த வண்டிகள் எல்லாம் தென்கரையில் நின்றாக வேண்டும். நின்ற வண்டிக்காரருக்குப் படுக்க இடம் வேண்டும், குதிரைக்குக் கொள் வேண்டும், இருவருக்கும் குடிக்க ஏதாவது வேண்டும். பரோ பெருந்தெருவில் விடுதிமேல் விடுதியாக முளைத்ததற்குக் காரணம் இவ்வளவுதான். போதாக்குறைக்கு, நகர நிர்வாகத்தின் கை தென்கரையில் அத்தனை இறுக்கமாக இல்லை. அதனால் நாடகக் கொட்டகை, கரடிச் சண்டை, சிறைச்சாலை, சாராயக் காய்ச்சு என்று நகரம் தன் மடியில் வைத்துக்கொள்ள விரும்பாதவை எல்லாம் ஆற்றுக்கு அப்பால் குடியேறின. அந்தப் பகுதியின் பெயரை எழுத்துக்கூட்டி சவுத்வார்க் என்று படித்தால் உள்ளூர்க்காரருக்கு விளங்காது. சதர்க் என்று சொல்லுங்கள்.

இப்போதைய பாலம் 1973-இல் திறந்தது. பார்க்க ஒன்றுமில்லாத கான்கிரீட் பாலம். அதற்கு முன்பிருந்த கல் பாலத்தை ஓர் அமெரிக்கர் 1968-இல் விலைக்கு வாங்கி, முகப்புக் கற்களைக் கழற்றி அரிசோனா பாலைவனத்துக்குக் கொண்டுபோய் மறுபடி கட்டிவிட்டார். பாலத்தின் கிழக்குப் பக்க நடைபாதையில் நடந்தால் டவர் பாலம் முழுதாகத் தெரியும். படம் எடுத்துக்கொண்டு நகருங்கள்.

தென்கரையில் இறங்கியதும் வலப்பக்கம் சதர்க் பேராலயம். ஜான் ஹார்வர்ட் 1607-இல் திருமுழுக்குப் பெற்றது இங்கேதான். அமெரிக்காவுக்குப் போய் ஒரே ஆண்டில் இறந்து, தன் சொத்தில் பாதியையும் நூல்களையும் ஒரு கல்லூரிக்கு எழுதிவைத்த அதே ஹார்வர்ட். பரோ பெருந்தெருவின் குவீன்ஸ் ஹெட் விடுதி அவர் தாய்வழியில் அவருக்கு வந்த சொத்து. தமிழ் இருக்கைக்காக நாம் உலகமெல்லாம் நிதி திரட்டினோமே, அந்தப் பல்கலைக்கழகத்துக்குப் பெயர் கொடுத்த குடும்பத்தின் பணத்தில் ஒரு பங்கு இந்தத் தெருவில் பியர் ஊற்றிச் சம்பாதித்தது என்பதை எந்த விழா மேடையிலும் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

பேராலயத்தை ஒட்டி ரயில் மேம்பாலங்களின் அடியில் பரோ சந்தை. 1756 முதல் இப்போதைய இடத்தில் நடக்கிறது. காய்கறி மொத்த வியாபாரமாக இருந்தது, இன்று பாலாடைக்கட்டி, ரொட்டி, சிப்பி, ஊறுகாய் என்று வாய்க்கு விலைகொடுக்கிறவர்களின் சந்தை. செடார் பாலாடைக்கட்டி ஒரு துண்டு மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள். பிறகு பியருக்கு உதவும். சந்தையை ஒட்டிய ஸ்டோனி தெருவில் மார்க்கெட் போர்ட்டர் என்ற பப்பைப் பார்ப்பீர்கள். போர்ட்டர் என்றால் சுமைதூக்குபவர். தெருவிலும் படகுத்துறையிலும் மூட்டை தூக்கியவர்கள் விரும்பிக் குடித்த கறுத்த பியருக்கு 18-ஆம் நூற்றாண்டு லண்டனில் அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. பெரிய தொட்டிகளில் மாதக்கணக்கில் ஊறவிட்டுப் பெருமளவில் காய்ச்சப்பட்ட முதல் பியர் இது. தொட்டிகளின் அளவில் ஆலைகளுக்குள் போட்டியே நடந்தது. 1814 அக்டோபர் 17 அன்று டாட்டன்ஹாம் கோர்ட் சாலை ஆலையில் அப்படியொரு தொட்டி வெடித்து, பியர் வெள்ளம் பக்கத்துக் குடியிருப்பில் புகுந்து எட்டுப் பேர் இறந்தார்கள்.

இந்த நடையில் எனக்கு மிகவும் பிடித்த தெரு அடுத்து வரும் பார்க் தெரு. பார்ப்பதற்கு அங்கே சுவரும் வீடுகளும் ஒரு நினைவுப் பலகையும் தவிர ஒன்றுமில்லை. ஆனால் 1616-இல் தொடங்கி, 19-ஆம் நூற்றாண்டில் உலகிலேயே மிகப் பெரிய பியர் ஆலைகளில் ஒன்றாக வளர்ந்த ஆங்கர் ஆலை இங்கேதான் இருந்தது. உரிமையாளர் ஹென்றி த்ரேல் 1781-இல் இறந்தபோது, சொத்தை நிர்வகித்து விற்றவர்களில் ஒருவர் அகராதி தந்த சாமுவேல் ஜான்சன்; 1,35,000 பவுனுக்குப் பார்க்ளே, பெர்க்கின்ஸ் ஆகியோர் வாங்கினார்கள். லண்டன் வருகிற பெரிய மனிதர்களுக்கு இந்த ஆலையைச் சுற்றிக்காட்டுவது வழக்கமாக இருந்தது. 1850-இல் அப்படி வந்தவர் ஆஸ்திரியத் தளபதி ஹைனாவ். இத்தாலியிலும் ஹங்கேரியிலும் கிளர்ச்சிகளைக் கொடூரமாக ஒடுக்கியவர், பெண்களையும் சவுக்கால் அடிக்கவைத்தவர் என்று பத்திரிகைகளில் பெயர் நாறியிருந்தது. வருகைப் பதிவேட்டில் அவர் கையெழுத்திட்டதைப் பார்த்ததும் செய்தி ஆலை முழுக்கப் பரவியது. பீப்பாய் வண்டிக்காரர்கள் விளக்குமாற்றோடும் சாணி சகதியோடும் கிளம்பிவிட்டார்கள். தெருத்தெருவாக விரட்டப்பட்ட தளபதி ஆற்றோரத்து மதுக்கடை ஒன்றுக்குள் புகுந்து ஒளிந்துகொள்ள, காவலர்கள் படகில் ஏற்றித் தப்புவிக்க வேண்டியதாயிற்று. வியன்னா கொதித்தது, வெளியுறவு அமைச்சர் பாமர்ஸ்டன் உதட்டளவில்தான் வருத்தம் தெரிவித்தார். பதினான்கு ஆண்டு கழித்து லண்டன் வந்த இத்தாலிய விடுதலை வீரர் கரிபால்டி, இந்த ஆலைத் தொழிலாளர்களை நேரில் பார்த்து நன்றி சொல்லிவிட்டுத்தான் போனார். சுவரிலிருக்கும் பலகை இந்த வண்டிக்காரர்களின் நினைவாகத்தான். ஆலை இன்னொரு நிறுவனத்தோடு இணைந்து, பின்னர் 1981-இல் தரைமட்டமானது. இந்த ஆலை ரஷ்யாவுக்கு அனுப்பிய கறுப்புப் பியரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் தேவைப்படும்.

திரும்பி சதர்க் தெருவுக்கு வந்தால் வளைந்த முகப்போடு ஒரு நீண்ட கட்டடம். இது 1867-இல் திறந்த ஹாப் எக்ஸ்சேஞ்ச். ஹாப்ஸ் என்பது கொடியில் காய்க்கும் பச்சைநிறப் பூங்குலை. பியருக்குக் கசப்பும் மணமும் தருவதோடு, அதைக் கெடாமலும் காக்கிறது. 15-ஆம் நூற்றாண்டில் நெதர்லாந்துப் பகுதிகளிலிருந்து வந்த பழக்கம் இது. அதற்கு முன் ஆங்கிலேயர் ஹாப்ஸ் இல்லாத ஏலைத்தான் குடித்தார்கள். கென்ட் தோட்டங்களில் விளைந்த ஹாப்ஸ் முதலில் மாட்டுவண்டியிலும் குதிரைவண்டியிலும், பிறகு ரயிலிலும் வந்திறங்கிய இடம் இதுதான் என்பதால் தரகர்களும் கிடங்குகளும் இங்கே குவிந்தன. முகப்பின் உச்சியில் ஹாப்ஸ் பறிக்கும் காட்சியைக் கல்லில் செதுக்கியிருக்கிறார்கள். 1920-இல் நடந்த தீவிபத்தில் மேல்மாடிகள் போய்விட்டன. பெருந்தெருவுக்குள் திரும்பியதும், லெ மே என்ற தரகு நிறுவனத்தின் பழைய கடை முகப்பையும் அண்ணாந்து பாருங்கள். கொடிக்கு நடுவே நின்று பறிக்கும் பெண்களின் உருவங்கள் அதில் இருக்கின்றன. கீழே கைபேசியைப் பார்த்தபடி போகிற கூட்டத்தில் ஒருவரும் தலையைத் தூக்குவதில்லை.

பரோ பெருந்தெருவின் கிழக்குப் பக்கம் அடுத்தடுத்து முற்றங்களாகப் பிரியும். கிங்ஸ் ஹெட், ஒயிட் ஹார்ட், ஜார்ஜ், டால்பட், குவீன்ஸ் ஹெட் என்று பெயர்ப்பலகைகள் இருக்கும். எல்லாமே பழைய விடுதிகளின் பெயர்கள். கான்டர்பரிக்கு யாத்திரை போகிறவர்கள் கூடிய இடமாக ஆங்கில இலக்கியத்தில் அழியாப் பெயர் பெற்ற டாபர்டு விடுதி 1873-இல் இடிபட்டது. எஞ்சியிருப்பது ஜார்ஜ் ஒன்றுதான். 1676 தீயில் எரிந்து மறு ஆண்டு கட்டப்பட்டது. மாடியில் திறந்த மரத் தாழ்வாரம் ஓடும் வண்டிவிடுதிகளில் லண்டனில் மிஞ்சியது இது மட்டுமே. முற்றத்தின் மூன்று பக்கமும் இருந்த கட்டடத்தில் இரண்டு பக்கத்தை ரயில்வே நிறுவனம் 1889-இல் இடித்துவிட்டது. மிஞ்சியதை 1937 முதல் நேஷனல் டிரஸ்ட் என்ற மரபுச்சின்னப் பாதுகாப்பு அமைப்பு காத்துவருகிறது. உள்ளே தாழ்ந்த உத்தரங்கள், சாய்ந்த தரை, பழைய மதுக்கூடத்தின் சுவரில் பெரிய முகம் கொண்ட ஒரு கடிகாரம். 1797-இல் பிரதமர் பிட் கடிகாரத்துக்கு வரி போட்டார். வரிக்குப் பயந்து வீட்டில் கடிகாரம் வைக்காதவர்கள் நேரம் பார்க்கட்டும் என்று மதுக்கடைக்காரர்கள் இப்படிப் பெரிதாக மாட்டினார்கள். வரி ஓராண்டுகூட நீடிக்கவில்லை, கடிகாரம் நீடிக்கிறது.

பலரும் இங்கேயே நடையை முடித்துவிடச் சொல்வார்கள். நான் அப்படிச் சொல்லமாட்டேன். ஜார்ஜ் பார்ப்பதற்கான இடம். வேண்டுமானால் அரை பைண்ட் வாங்கி முற்றத்து மேசையில் வைத்துக்கொண்டு அந்தத் தாழ்வாரத்தைப் பாருங்கள். சுற்றுலாக் கூட்டம் எப்போதும் நிறைந்திருக்கிற இடத்தில், குடிப்பதற்கென்று உட்காரும் அமைதி கிடைக்காது. இன்னும் ஐந்து நிமிடம் தெற்கே நடந்தால் இடப்பக்கம் ஏஞ்சல் பிளேஸ் சந்தில் உயரமான ஒரு செங்கல் சுவர் தெரியும். அது மார்ஷல்சி கடன்காரர் சிறையின் மிச்சம். 1824-இல் ரொட்டிக்காரருக்குத் தரவேண்டிய நாற்பது பவுன் சொச்சத்துக்காகச் சார்லஸ் டிக்கன்ஸின் தந்தை இங்கே அடைபட்டார். பன்னிரண்டு வயது மகன் பூட்ஸ் மை ஆலைக்கு வேலைக்குப் போனான். அந்தச் சுவரைத் தாண்டி, செயின்ட் ஜார்ஜ் தேவாலயத்தின் பின்னால் பிரிவதுதான் டாபர்டு தெரு. கென்டுக்குப் போன பழைய பெருவழியின் தொடக்கம் இது.

பப்புக்குள் நுழையுமுன் உங்கள் இரண்டாவது கேள்வி. ஆங்கிலேயரின் பியர் வெதுவெதுப்பானதா? இல்லை. அது 11 முதல் 13 பாகை செல்சியஸில் வர வேண்டிய பானம். மண்பானைத் தண்ணீரைவிடக் குளிர்ந்தது. குளிர்பதனப் பெட்டித் தண்ணீர் அளவுக்குப் பல்லைக் கூசவைக்காதது. மூன்று நான்கு பாகையில் லாகர் வகைப் பியர் குடித்துப் பழகிய நாக்குக்கு அது வெதுவெதுப்பாகத் தோன்றுகிறது. காரணம் பிடிவாதம் அல்ல, அந்தப் பியர் உயிரோடிருப்பதுதான். காஸ்க் ஏல் எனப்படும் இந்த வகையை ஆலையில் வடிகட்டிச் சூடாக்கிக் கொல்வதில்லை. ஈஸ்ட் உயிரோடு இருக்கும்போதே பீப்பாயில் அடைத்து அனுப்பிவிடுகிறார்கள். மீதி நொதித்தல் பப்பின் நிலவறையில் நடக்கிறது. தயிர் உறையூற்றுவது மாதிரிதான்: ஆலை பாதி வேலை செய்கிறது, மீதியைப் பப்புக்காரர் செய்கிறார். பீப்பாயைக் கிடத்தி, மேல் அடைப்பில் மென்மையான மரக்குச்சி ஒன்றைச் செருகி, மிகுதியான வாயுவை மெல்ல வெளியேறவிட்டு, மண்டி அடியில் தங்கும்வரை ஒன்றிரண்டு நாள் அசையாமல் வைத்திருப்பார். பிறகு கைப்பம்பின் நீண்ட பிடியை இழுத்து மேலே ஏற்றுவார். வெளியிலிருந்து வாயு செலுத்தி ஏற்றுவதில்லை; அதனால் நாக்கைக் குத்தும் குமிழ் இருக்காது. அதையே சப்பென்று இருப்பதாக நினைத்துக்கொள்கிறோம்.

பீப்பாயிலிருந்து பியர் இறங்க இறங்க உள்ளே காற்று புகும். அதனால் திறந்த பீப்பாயை ஏறக்குறைய மூன்று நாளுக்குள் விற்றுவிட வேண்டும். வழக்கமான சிறிய பீப்பாயில் 72 பைண்ட் இருக்கும். இதிலிருந்து பப்பைத் தேர்ந்தெடுக்கும் விதி தானாக வந்துவிடும்: பன்னிரண்டு கைப்பம்பு வரிசையாக நிற்கிற, ஆள் குறைவான கடையைவிட, நாலைந்து பம்பு மட்டும் வைத்து விறுவிறுவென்று விற்கும் கடை நல்லது. நான் வந்த புதிதில், பெயர் சொல்ல வேண்டாத ஒரு பப்பில், வினிகர் வாடை வீசிய பைண்டை இதுதான் போலும் இவர்கள் பியர் என்று முக்கால்வாசி குடித்துவைத்தேன். பக்கத்திலிருந்த முதியவர்தான் என் முகத்தைப் பார்த்துவிட்டு, குவளையை எடுத்து முகர்ந்து, கவுன்டரில் கொண்டுபோய் வைத்தார். ஒரு வார்த்தை கேட்காமல் வேறு ஊற்றிக் கொடுத்தார்கள். புளித்திருந்தால் திருப்பிக் கொடுப்பது அநாகரிகம் அல்ல.

1960களில் பெரிய ஆலைகள் இந்தத் தொல்லையெல்லாம் வேண்டாம் என்று, வடிகட்டிச் சூடாக்கி வாயு ஏற்றிய பியருக்கு மாறத் தொடங்கின. அதை எதிர்த்து 1971-இல் நான்கு இளைஞர்கள் தொடங்கிய இயக்கம்தான் காம்ரா. வேடிக்கை என்னவென்றால், ஆங்கில ஏலைக் காப்பாற்ற அவர்கள் முடிவெடுத்தது அயர்லாந்தின் மேற்குக்கோடியில் ஒரு மதுக்கடையில். அவர்கள் இல்லையென்றால் இந்தப் பதிலில் கடைசிப் பகுதிக்கு இடமிருந்திருக்காது.

ராயல் ஓக் ஒரு முனைவீட்டுப் பப். நடுவில் கவுன்டர், அதன் இருபுறமும் இரு அறைகள், மரப் பலகைச் சுவர். பாட்டும் தொலைக்காட்சியும் இல்லாததால் பேச்சுச் சத்தம் மட்டுமே கேட்கும். சசெக்ஸின் லூயிஸ் ஊரில் 1790 முதல் இயங்கும் ஹார்விஸ் ஆலையின் பப் இது. மேசையில் உட்கார்ந்து யாராவது வருவார்கள் என்று காத்திருக்காதீர்கள். கவுன்டருக்கு நீங்கள்தான் போக வேண்டும். வரிசை கண்ணுக்குத் தெரியாது, ஆனால் யார் முதலில் வந்தார் என்பது அங்கே நிற்கும் எல்லோருக்கும் தெரியும். கையைத் தட்டிக் கூப்பிட்டால் கடைசியாகத்தான் ஊற்றுவார்கள். நண்பர்களோடு போனால் ஒவ்வொருவரும் முறைபோட்டு எல்லோருக்கும் வாங்குவது வழக்கம். தன் முறை வரும்போது கழிப்பறைக்குப் போகிறவரை இங்கும் யாரும் மறப்பதில்லை. குடிக்காதவர் எலுமிச்சைச் சாறு கேட்டால் ஏன் என்று கேட்கமாட்டார்கள். சைவம் கடைப்பிடிப்பவர்களுக்கு ஒரு குறிப்பு: காஸ்க் ஏலின் மண்டியைத் தெளியவைக்க மீனின் காற்றுப்பையிலிருந்து எடுத்த பொருளைச் சேர்ப்பது பழைய வழக்கம், பல ஆலைகளில் இன்றும் உண்டு. கேட்டுக்கொள்வது நல்லது.

சசெக்ஸ் பெஸ்ட் என்று கேளுங்கள். பைண்ட் என்பது 568 மில்லி. முதலில் அரை பைண்ட் போதும். சாராயச் சத்து 4 சதவீதம்தான். நம் ஊர் 'ஸ்ட்ராங்' பியர் எட்டு சதவீதத்தை எட்டிப்பிடிக்கிறது. அங்கே நோக்கம் வேறு, இங்கே நோக்கம் வேறு. செம்பு நிறத்தில், மேலே விரல் கனத்துக்கும் குறைவான நுரையோடு வரும். தென் இங்கிலாந்தில் நுரை குறைவாகத்தான் இருக்கும். ஏமாற்றுகிறார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். முதல் வாயில் வறுத்த கோதுமையின் வாசனையும் லேசான வெல்லப்பாகு இனிப்பும் தெரியும். விழுங்கிய பிறகு, வெந்தயத்தைக் கடித்ததுபோல அடிநாக்கில் ஒரு கசப்பு மெல்ல எழுந்து நிற்கும். கென்ட், சசெக்ஸ் பக்கத்து ஹாப்ஸ் அது. சற்றுமுன் அண்ணாந்து பார்த்தீர்களே, அந்தக் கல் பெண்கள் பறித்துக்கொண்டிருப்பது அதைத்தான். கையிலிருக்கும் செடாரில் ஒரு துண்டைக் கடித்துவிட்டு மறுபடி குடித்துப் பாருங்கள்.

இரண்டாவது சுற்றுக்கு, ஹார்விஸின் இம்பீரியல் ஸ்டவுட் பாட்டில் இருக்கிறதா என்று கேளுங்கள். பார்க் தெரு ஆலையின் கறுப்புப் பியரை வாங்கிப் பாட்டிலில் அடைத்து ரஷ்யாவுக்கு விற்றவர் லெ காக் என்ற வியாபாரி. அவர் நிறுவனம் பின்னர் எஸ்தோனியாவின் டார்ட்டு நகரத்துக்குப் பெயர்ந்து இன்றும் அங்கே இயங்குகிறது. அந்தப் பழைய பியரை ஹார்விஸ் ஆலை 1999-இல் மறுபடி காய்ச்சியது. 9 சதவீதம், மையைப்போலக் கறுப்பு, காபிக் கசடு, கருப்பட்டி, கொஞ்சம் பழைய தோல்செருப்பு என்று எல்லா வாசனையும் கலந்திருக்கும். இருவராகப் போனால் ஒரு பாட்டிலைப் பகிர்ந்துகொள்ளுங்கள், தனியாகப் போனால் மெதுவாகக் குடியுங்கள். பரோ நிலத்தடி ரயில் நிலையம் அங்கிருந்து மூன்று நிமிட நடை. வழியில் ஒரு சாலையைத்தான் கடக்க வேண்டும், வண்டிகள் நம் ஊரைப்போலவே வலப்பக்கத்திலிருந்துதான் வரும்.